மழைக்கு முன், மழைக்குப் பின்: திருகோணமலையில் குடும்பமாகச் செய்யும் வீட்டு வேலைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத்தோட்டம், பழைய வீட்டைத் திருத்துவது, குடும்பப் படங்களை ஏட்டில் சேர்ப்பது ஆகிய மூன்றையும் பற்றி உறவினர்களும் அயலவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. உப்புவெளிப் பக்கம், கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், மணல் வளவு ஒன்றில் குடியிருந்து கற்றவற்றைக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

தோட்டம், பின்னறைச் சுவர், அல்பம் மூன்றும் அரைகுறையாகக் கிடக்கின்றன. எதை முதலில் தொடங்குவது?

காற்றைப் பார்த்துத் தொடங்குங்கள். எங்கள் ஊருக்கு மழை வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காற்றோடு வருகிறது. ஒக்டோபரில் இடியோடு தொடங்கி, நவம்பர், டிசம்பரில் அடித்து ஊற்றி, ஜனவரியில் மெல்லத் தணியும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று. மண், மரம், சுவர் எல்லாவற்றிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

ஆகவே சுவர், கூரை வேலைகளை மாசி பிறந்த பிறகு எடுத்து ஆவணிக்குள் முடியுங்கள். செப்டெம்பரில் பாத்தி கட்டி நாற்று மேடை போடுங்கள். முதல் மழை விழும்போது நடத் தயாராக இருக்கும். பழைய படங்களை ஓகஸ்ட் விடுமுறையில் எடுங்கள். பலர் டிசம்பர் விடுமுறையில்தான் அல்பத்தைத் திறக்கிறார்கள். வெளியே போக முடியாத மாதம் என்பதால் அது இயல்புதான். ஆனால் அந்த மாதத்தில் காற்றே ஈரம். பசை காயாது, மூடிவைத்த பக்கங்களுக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரு கார்த்திகை மாதம் நாங்கள் பின்னறைக்குச் சீமெந்துப் பூச்சு பூசினோம். தைப்பொங்கலுக்கு அறை வேண்டும் என்ற அவசரம். மேசன் இரண்டு தடவை வேண்டாம் என்றார், நான்தான் கேட்கவில்லை. அடியில் ஈரம் நிற்க, மேலே வர்ணம் அடித்தோம். பங்குனியில் அந்த வர்ணம் அப்பளம்போல் எழும்பி, தொட்ட இடமெல்லாம் உரிந்து வந்தது. இரண்டாம் முறை பூசிய செலவில் கூரைக்கு முழுப் பீலியும் மாற்றியிருக்கலாம்.

எங்கள் வளவு வெறும் கடல் மணல். மரக்கறி வருமா?

வரும். மணலின் குறை என்னவென்றால், ஊற்றுகிற தண்ணீரும் போடுகிற பசளையும் அதில் நிற்பதில்லை. நிற்க வைப்பதுதான் முதல் வேலை. பாத்தியை 1 அடி ஆழத்துக்குத் தோண்டி, அடியில் தென்னந்தும்பு, பொச்சுமட்டை, உலர்ந்த வாழைச் சருகு ஆகியவற்றை ஒரு சாண் கனத்துக்குப் பரப்புங்கள். பொச்சை உட்புறம் மேலே பார்க்க அடுக்கினால் அது தண்ணீரைப் பிடித்துவைக்கும். அதன் மேல் மணலும் கூட்டெருவும் பாதிக்குப் பாதி. மாட்டெரு நன்றாக மக்கியிருக்க வேண்டும்; பச்சைச் சாணம் வேரைச் சுடும்.

கடைசியாக மண்ணை மூடுங்கள். வைக்கோல், கிடுகுத் துண்டு, சருகு எதுவானாலும் சரி. கச்சான் காலத்து நண்பகலில் மூடாக்கு இல்லாத மணலில் வெறும் கால் வைத்துப் பாருங்கள், பிறகு மூடாக்கை விலக்கி அதன் கீழே கையை வைத்துப் பாருங்கள். செடியின் வேர் எதை விரும்பும் என்று எவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

தும்புத் தூளைக் கடையில் வாங்கினால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிய பின் போடுங்கள். அதில் உப்பு இருப்பதுண்டு.

கோடையில் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிறது. அதைச் செடிக்கு விடலாமா?

கடலோரக் கிணற்றில் நாம் அள்ளுவது மழைத் தண்ணீர். அது நிலத்தடியில் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மோட்டர் போட்டு மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழேயிருக்கும் உப்பு பல மடங்கு மேலே ஏறிவிடும். அதனால்தான் ஒரேயடியாக இறைத்த கிணறு மறுநாள் உவர்க்கிறது. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் எடுங்கள். வாளியால் அள்ளிய காலத்தில் இந்தக் கரைச்சல் குறைவாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

சற்று உவர்ப்பான தண்ணீரைத் தென்னையும் சப்போட்டாவும் தாங்கும். வெங்காயமும் அவரை இனங்களும் தாங்கா. இலையில் படாமல் வேரடியில் விடுங்கள். தினமும் சிறிது தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு நன்றாக ஊற ஊற்றினால் மணலில் தேங்கிய உப்பு வேருக்குக் கீழே கழுவுண்டு போகும். வாடை மழைதான் உண்மையான மருந்து. ஆண்டுக்கு ஒரு முறை அது வளவு முழுவதையும் அலசிக் கொடுக்கிறது.

முதல் முறையாகத் தோட்டம் செய்கிறோம். என்ன நடுவது?

நான்கு போதும்: கீரை, வெண்டி, பயிற்றை, கத்தரி. கீரை விதைத்து 25 முதல் 30 நாளில் கறிக்கு வரும். பிள்ளைகளின் பொறுமைக்கு அதுதான் அளவு. வெண்டி 45 முதல் 50 நாளில் காய்க்கத் தொடங்கும். பிறகு இரண்டு நாளுக்கு ஒரு தடவை பறிக்காவிட்டால் நார் விழுந்துவிடும். பயிற்றைக்குக் கம்பும் கயிறும் கட்டுங்கள். கத்தரியும் மிளகாயும் நாற்று மேடையில் ஏறத்தாழ ஒரு மாதம் நின்றபின் மாற்றி நடப்படுபவை. செப்டெம்பரில் விதை போடச் சொன்னது அதற்காகத்தான்.

வேலியோரம் ஒரு முருங்கைத் தடியையும் மதில் பக்கம் ஒரு கறிவேப்பிலைக் கன்றையும் நட்டுவிடுங்கள். கிணற்றடியில் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழை, அதன் நிழலில் வல்லாரை. கரட், கோவா வளர்க்க ஆசைப்பட வேண்டாம். நுவரெலியாவின் குளிரை நாம் இங்கே கொண்டுவர முடியாது.

2022இல் மரக்கறி விலை ஏறி, எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில், வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்தார்கள். அந்த ஆண்டு எங்கள் ஒழுங்கையில் பாத்தி இல்லாத வீடு இல்லை. இன்று பல வீடுகளில் அந்தப் பாத்திகளில் புல். விலை இறங்கியதும் கைவிட்டது வருத்தமாக இருக்கிறது. முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்தவர்களுக்கு மட்டும் அந்த ஆண்டின் உழைப்பு இன்னும் பலன் தருகிறது.

மான்கள் இரவில் வந்து எல்லாவற்றையும் மேய்ந்துவிடுகின்றன. என்ன செய்வது?

வேறு ஊர்க்காரருக்கு இந்தக் கேள்வியே புரியாது. பிரெட்றிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலும் நிற்கும் புள்ளிமான்கள் நகர வீதிகளில் உலாவி, படலை திறந்திருந்தால் உள்ளேயும் வரும். பயிற்றங்கொடியின் நுனியை ஒரே இரவில் வரிசையாகக் கிள்ளிவிட்டுப் போகும். அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. சட்டம் இல்லாவிட்டாலும் அவற்றின் மேல் கல் எறிய எனக்கு மனம் வராது.

வேலியை 6 அடிக்கு உயர்த்துங்கள். கிடுகு அல்லது நிழல்வலை கட்டி மறைப்பது நல்லது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத இடத்துக்குள் பாய மான் தயங்கும். பழைய மீன்வலையைத் தளர்வாகத் தொங்கவிடாதீர்கள். கொம்பு சிக்கினால் அது விடியும்வரை துடிக்கும். இன்னொன்று: சமையல் கழிவைப் பொலித்தீன் பையில் கட்டி மதிலோரம் வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். உப்பும் சோறும் ஒட்டியிருக்கும் பையை மான் பையோடு விழுங்குகிறது. அது செரிக்காது, வயிற்றிலேயே கட்டியாகத் தங்கி அதைக் கொன்றுவிடும். கழிவு கூட்டெருக் குழிக்குள் போனால் உங்கள் பாத்திக்கும் லாபம்.

மிளகாய் இலை சுருள்கிறது. மருந்து அடிக்காமல் வழி உண்டா?

இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பேன்களும் சிற்றுண்ணிகளும் சாறு உறிஞ்சுவதால் சுருள்வதே அதிகம். உலர்ந்த வேப்பம் பருப்பை 1 லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் இடித்து, துணியில் கட்டி ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளியுங்கள். வெயில் பட்டால் அதன் வீரியம் குறைந்துவிடும் என்பதால்தான் மாலை. வாரத்துக்கு ஒரு முறை செய்யுங்கள். முழுவதும் சுருண்டு குட்டையாகிப்போன செடியைப் பிடுங்கி எரிப்பதுதான் மற்றவற்றுக்குச் செய்யும் உதவி. சந்தேகம் தீராவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள், தமிழில் பேசலாம்.

சாடியிலும் பழைய ரயரிலும் நடலாமா?

நடலாம், தண்ணீர் தேங்காவிட்டால். சாடித் தட்டு, ரயரின் உட்குழி, பழைய வாளி எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் எடுக்கும். 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்பதை எங்கள் மாவட்டத்தில் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு பீடித்தது. ரயரைத் தவிர்ப்பது என் விருப்பம்.

கனடாவில் இருக்கும் அண்ணா வீட்டு நிலக்கீழ் அறையைத் திருத்திப் பிள்ளைகளுக்கு விளையாட்டறை ஆக்கியிருக்கிறார். நாங்களும் பின்வளவில் ஒன்று தோண்டலாமா?

வேண்டாம். அங்கே குளிர்காலத்தில் நிலம் உறைந்து வீங்கும். வீட்டின் அத்திவாரம் உறையும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். ரொறன்ரோப் பக்கம் அது ஏறக்குறைய 1.2 மீற்றர். அவ்வளவு தோண்டுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டி அறையாக்கிக்கொண்டார்கள். எங்களுக்கு அந்தக் காரணம் இல்லை. மார்கழியில் உங்கள் கிணற்றை எட்டிப் பாருங்கள். தண்ணீர் தரையிலிருந்து எத்தனை அடியில் நிற்கிறதோ, அதற்குக் கீழே தோண்டும் எந்த அறையும் இன்னொரு கிணறுதான்.

அண்ணாவுக்கும் ஒரு செய்தி சொல்லுங்கள். நிலக்கீழ் அறையில் பலகை அடித்து மூடுவதற்கு முன், மழையிலும் பனி உருகும் பருவத்திலும் சுவர் கசிகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். மூடியபின் கசிவு தெரியாது; பூஞ்சணம் மட்டும் தெரியும். யாராவது அங்கே படுத்தால், தீப்பிடிக்கும்போது வெளியேறக்கூடிய அளவு யன்னலும், புகை மற்றும் கார்பன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவிகளும் வேண்டும். மண்ணிலிருந்து கசியும் ரேடன் வாயுவையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கனடா வகுத்த எல்லை கன மீற்றருக்கு 200 பெக்கரல்.

நமக்குத் தேவை மேலதிக அறை என்றால், பின் விறாந்தையை அடைப்பதும் களஞ்சிய அறையைத் திருத்துவதும் போதும்.

களஞ்சிய அறைச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. எந்த வர்ணம் அடித்தால் நிற்கும்?

எந்த வர்ணமும் நிற்காது. நிலத்து ஈரம் சீமெந்துக் கல்லின் நுண்ணிய துளைகள் வழியே மேலேறுகிறது. சுவரின் முகத்தில் தண்ணீர் ஆவியாகி, உப்பு பளிங்காகி விரிந்து பூச்சைத் தள்ளுகிறது. இறுக்கமான வர்ணத்தால் அந்த முகத்தை அடைத்தால், ஈரம் இன்னும் மேலே ஏறி வேறிடத்தில் வெளிவரும்.

முதலில் வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். பத்தில் ஆறேழு வீடுகளில் காரணம் அங்கேயே இருக்கிறது: சுவரோடு அணைத்துக் குவித்த மண், உடைந்த பீலியிலிருந்து ஒரே இடத்தில் விழும் மழைத்தண்ணீர், அல்லது குளியலறைக் குழாயின் கசிவு. மண்ணை உட்தரை மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டி இறக்குங்கள். பீலியைக் கட்டுங்கள்.

பிறகு உள்ளே, உப்புப் பூத்த எல்லைக்கு மேல் 1 அடி வரை பூச்சைத் தட்டி எடுங்கள். உலர்ந்த தும்புத்தடியால் உப்பைக் கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீரால் கழுவினால் அது கரைந்து மறுபடியும் சுவருக்குள் போகும். கச்சான் வீசும் இரண்டு மாதம் சுவரை அப்படியே திறந்து விடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், விருந்தாளிகள் கேட்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் சுண்ணாம்பு கலந்த பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும். சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட வைக்கும். எங்கள் பாட்டன்மார் ஆண்டுதோறும் வெள்ளை அடித்தது அழகுக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

இந்த வேலையில் பிள்ளைகளும் சேரலாம். தட்டி எடுத்த இடத்தில் விரலால் தேய்த்து உப்பை நாவில் வைத்துப் பார்த்த என் மகள், "கடல் எங்கள் வீட்டுக்குள் ஏறுகிறது" என்றாள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டச் செய்யுங்கள்.

கடற்கரை மணல் பக்கத்திலேயே கிடக்கிறதே, பூச்சுக்கும் கொங்கிரீட்டுக்கும் எடுத்தால் என்ன?

அதிலுள்ள உப்பு கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும்; உள்ளிருந்து பிளந்துகொண்டு வரும். கடலோரப் பழைய கட்டடங்களில் கூரைத் தட்டின் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். மகாவலி ஆற்று மணலை, அனுமதிப் பத்திரம் உள்ளவரிடம் வாங்குங்கள். சீமெந்து திருகோணமலையிலேயே உற்பத்தியாகிறது. புதிதாக வந்த மூட்டையைக் கேட்டு வாங்குங்கள். கட்டி தட்டிய மூட்டை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பூசிய பின் 7 நாள் தண்ணீர் தெளிப்பதுதான் பலர் விட்டுவிடும் வேலை. அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். எந்தப் பெரியவரையும்விட அவர்கள் ஒழுங்காகச் செய்வார்கள்.

அனுமதி எடுக்க வேண்டுமா?

வெள்ளையடிக்கவும் ஓடு மாற்றவும் தேவையில்லை. அறை கூட்டினால் உங்கள் உள்ளூராட்சி சபையில் வரைபடம் அனுமதி பெற வேண்டும். கரையிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் விசாரியுங்கள். கட்டியபின் கேட்பதைவிடக் கட்டுமுன் கேட்பது மலிவு.

எந்த வேலையை நாங்களே செய்யக்கூடாது?

மின்சாரம். உப்புக் காற்றில் இணைப்புகள் பச்சை பிடித்துப்போகும். அதற்கு மின்னியலாளர் வரட்டும். மின்பெட்டியில் உள்ள சோதனைப் பொத்தானை மட்டும் மாதம் ஒரு முறை நீங்களே அழுத்திப் பாருங்கள். உடனே மின் துண்டிக்கப்பட வேண்டும்.

அஸ்பெஸ்ரஸ் சீற்றை அறுக்கவோ, துளையிடவோ, உலர்ந்த நிலையில் பாசி சுரண்டவோ கூடாது. அதன் தூசு நுரையீரலில் போய் நின்றுவிடும். தவிர்க்க முடியாவிட்டால் நனைத்த பிறகே கைவைக்க வேண்டும், அப்போது பிள்ளைகள் வளவிலேயே இருக்கக்கூடாது. சீற்றின் மேல் நேரடியாகக் கால் வைத்து நடந்து விழுந்தவர்களை எனக்குத் தெரியும். மரச்சட்டங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதில் நடக்க வேண்டும்.

அம்மாவின் கலியாண அல்பத்தில் படங்கள் ஒட்டிக்கொண்டு மஞ்சளாகின்றன. எப்படிக் கழற்றுவது?

பசைப் பக்கத்தின் மேல் பிளாஸ்ரிக் தாள் மூடிய அல்பமாக இருக்கும். அந்தப் பசையும் தாளும்தான் படத்தின் எதிரிகள். நகத்தால் நெம்பாதீர்கள். கழற்றுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுங்கள்: யன்னலோரம், பிளாஷ் வெளிச்சம் இல்லாமல், கைபேசியைப் படத்துக்கு நேரே பிடித்து. பிறகு பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை ஒரு மூலையில் படத்தின் பின்னால் கொடுத்து, வாளால் மரம் அறுப்பதுபோல் இரு கையாலும் மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள். வராத படத்தை விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் தாளோடு வெட்டி எடுங்கள்.

புதிய ஏட்டில் பசை வேண்டாம். தடித்த தாளில் சிறு முக்கோண மூலைகள் மடித்து ஒட்டி, படத்தை அவற்றுக்குள் செருகலாம். மாப் பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து. பெயரையும் ஆண்டையும் படத்தின் கீழே பென்சிலால் எழுதுங்கள். குமிழ்முனைப் பேனையின் மை முன்பக்கம் ஊறிவிடும். ஏட்டை அலுமாரியின் மேல்தட்டில், கடலைப் பார்த்த சுவரில் படாதபடி வையுங்கள்.

எழுதும்போது வீட்டில் மூத்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு படம் இருக்கிறது: துலாக் கிணற்றடியில் ஐந்து பேர், நடுவில் நிற்கும் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்திருக்கிறாள். அவள் யாரென்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அப்பாச்சி. நாங்கள் கேட்க நினைத்தது அவர் போன அடுத்த மாதம்.

வெள்ளத்தில் படங்கள் நனைந்துவிட்டன.

ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் காயவிடாதீர்கள், காய்ந்தால் பிரியாது. குளிர்ந்த சுத்தமான தண்ணீர் நிறைந்த தட்டில் இட்டு, சேறு போக மெல்ல அசைத்து, தானாகப் பிரியும்போது எடுங்கள். படத்தின் முகத்தைத் துடைக்கக் கூடாது. நிழலில், முகம் மேலே பார்க்க, வெள்ளைத் துணியில் பரப்புங்கள். ஒரே நாளில் முடியாத அளவு இருந்தால் பையில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செய்யலாம்.

படங்களைத் தவிர வேறு என்ன சேர்ப்பது?

கல்வெட்டு. முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலரைச் சொல்கிறேன். அதில் வம்சாவளி இருக்கும், பிறந்த ஊர் இருக்கும், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்வரை இருக்கும். ஒரு குடும்பத்தில் நான்கைந்து கல்வெட்டுகளைச் சேர்த்துவைத்தால் நூறாண்டு உறவு எழுந்து நிற்கும். வெளிநாட்டிலிருந்து வந்த நீல வான்கடிதங்கள், சாமத்தியச் சடங்கு அழைப்பிதழ், முதல் விதைப் பைக்கற்றின் அட்டை, சுவர் வேலைக்கு வாங்கிய சீமெந்தின் பற்றுச்சீட்டு எல்லாம் சேரட்டும்.

எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. எதை வைத்து ஏடு செய்வது?

இந்தக் கேள்வியை என்னிடம் மூன்று குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. ஒன்று 2004 டிசம்பர் 26இல் கடலிடம் கொடுத்தது. மற்ற இரண்டும் 2006இல் போரின்போது மூதூர், சம்பூர்ப் பக்கமிருந்து கையில் கிடைத்ததோடு வெளியேறியவை.

நீங்கள் அனுப்பிய படங்கள் மற்றவர்களிடம் இருக்கின்றன. அந்தக் காலத்தில் கலியாணம், பிறந்தநாள், வீடு குடிபூரல் எதுவானாலும் ஒரு பிரதி கொழும்புக்கோ லண்டனுக்கோ ஜேர்மனிக்கோ போனது. ஒவ்வொரு உறவினரிடமும் "எங்கள் படம் இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "உங்கள் கலியாணப் படங்களில் எங்கள் அம்மா நிற்கும் படத்தை அனுப்புங்கள்" என்று கேளுங்கள். பெயரும் நிகழ்ச்சியும் சொன்னால் தேடுவார்கள். படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மலர்களையும் பாருங்கள், வகுப்புப் படங்கள் அவற்றில் இருக்கும்.

படம் கிடைக்காத பக்கத்துக்கு வரைபடம் போடுங்கள். அந்த மூன்றில் ஒரு குடும்பத்தில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா, தன் பழைய வளவை முழுத்தாளில் பேரனுக்குச் சொல்லிச் சொல்லி வரைய வைத்தார். படலை, கிணறு, மாட்டுக் கொட்டில், பின்னால் இரண்டு கறுத்தக்கொழும்பான் மாமரங்கள். குசினியை எங்கே போடுவது என்று பேரன் கேட்டபோது அவர் எழுந்து நின்று, கண்ணை மூடி, கிணற்றடியிலிருந்து குடத்தோடு வருவதுபோல் அறைக்குள் எட்டு அடி நடந்தார். நின்ற இடத்தைக் காட்டி, "இங்கே போடு" என்றார்.